அளக்காமல் எழுதிய எண்கள்

சில மாதங்களுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுதில், கோவைப் புறநகரிலுள்ள என் பட்டறை வாசலில் வெண்ணிற எஸ்டீம் கார் ஒன்று வந்து நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி. அதன் எஞ்சின் ஓசை என் செவிக்குப் புதியதன்று. ஓட்டி வந்தவனின் முகத்தைக் காணும் முன்பே அது யாருடைய கார் என்பதை அறிந்துகொண்டேன். 2019-இல் மறைந்த என் நண்பனின் கார் அது. வந்தவன் அவனுடைய மகன்.

“மாமா, அப்பாவோட வண்டிங்க. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. மிதிச்சா ஒரு நொடி திணறிட்டுத்தான் போகுது. வேற ஒருத்தர்கிட்டக் காட்டினேன். இதுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரே வேறங்க, மாட்டினவருகிட்டயே கொண்டு போங்கன்னுட்டாரு” என்றான்.

மாட்டியவன் நான்தான். அந்தச் சிறு அலுமினியப் பெட்டியை மீண்டும் ஒரு நாள் திறக்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்திருந்தேன். அந்த நாள் வராமலிருக்க வேண்டும் என்று உள்ளூர விரும்பியிருந்தேன் என்பதும் உண்மை.

நான் தொழில் பழகியது கார்புரேட்டர் காலத்தில். ஒரு திருப்புளி, ஒரு செவி, ஒரு கண். இவையே அன்றைய கருவிகள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் பீங்கானைப் பார்ப்போம். கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பாயிருந்தால் சரி. எஞ்சினின் ஓசையைக் கேட்டே அதன் நலத்தைச் சொல்லிவிடுவேன் என்று பெயரெடுத்திருந்தேன். அந்தப் பெயரே பின்னாளில் என்னை வீழ்த்தியது.

2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடெங்கும் கடுமையாக்கப்பட்டபோது, புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் மறையத் தொடங்கியது. இன்ஜெக்டர்களும் அவற்றை ஆளும் கம்ப்யூட்டரும் அதன் இடத்தைப் பிடித்தன. உலகுக்கு அது புதிதன்று. பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு முறை 1967-இலேயே ஃபோக்ஸ்வாகன் காரில் வந்துவிட்டது. எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கோ அது திறக்க முடியாத பேழையாகத் தோன்றியது. பலர் அஞ்சி ஒதுங்கினர். நான் அஞ்சவில்லை, கற்றுக்கொள்ள முனைந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் செய்யும் வேலை அடிப்படையில் எளியது. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று புகுந்தது என்பதைக் கணித்து, அதற்குரிய பெட்ரோலை விட வேண்டும். எடையளவில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது முழுமையாக எரிவதற்கான கணக்கு. எஞ்சின் முழுப் பாரம் சுமக்கும்போது, வலிமைக்காகவும் சூட்டைத் தணிப்பதற்காகவும் பெட்ரோலைச் சற்றுக் கூட்டி, 12.5 முதல் 13 வரை வைத்துக்கொள்வது வழக்கம். நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும் எஞ்சினுக்கு ஒரு சுற்று என்பது ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு. அந்த இடைவெளிக்குள் கணக்கு முடிந்தாக வேண்டும்.

எஸ்டீம் காரின் கம்ப்யூட்டர் காற்றை நேரடியாக அளப்பதில்லை. உறிஞ்சு குழாயின் அழுத்தத்தையும், காற்றின் வெப்பத்தையும், எஞ்சினின் வேகத்தையும் மட்டும் அறிகின்றது. இந்த அழுத்தத்தில், இந்த வேகத்தில், இந்த எஞ்சின் இவ்வளவு மூச்சு வாங்கும் என்று முன்பே எழுதிவைத்த ஓர் அட்டவணையைப் பார்த்து எஞ்சியதை ஊகிக்கின்றது. தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சின் மாறாதிருக்கும்வரை அந்த ஊகம் பிழைப்பதில்லை.

என் நண்பன் எஞ்சினை மாற்ற விரும்பினான். கரிவர்தன் போன்றோர் வளர்த்த கார்ப் பந்தய ஆர்வம் கோவையின் இளைஞர்களை விட்டு நீங்காத காலம் அது. செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு நாங்கள் இருவருமாக அந்த 1298 சி.சி. எஞ்சினைப் பிரித்தோம். வால்வுகளை நெடுநேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்றைப் பூட்டினோம். சிலிண்டர் ஹெட்டின் முகத்தை இழைத்து அழுத்த விகிதத்தை உயர்த்தினோம். புகைபோக்கிக் குழாயையும் மாற்றினோம். உடல் புதிதாயிற்று, கம்ப்யூட்டரோ பழைய உடலின் நினைவிலேயே இருந்தது.

அதற்கு மருந்தாக மெகாஸ்குவர்ட் என்னும் பெட்டியை வரவழைத்தோம். புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்னும் இரு அமெரிக்கர்கள் 2001-இல் வெளியிட்ட வடிவமைப்பு அது. தனித்தனி உதிரிகளாக வரும். வாங்குகின்றவரே ஈயப் பற்றுவைத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரவுகள் பலவற்றில் நண்பன் விளக்கைப் பிடிக்க, நான் பற்றுவைத்தேன். தீப்பொறியைப் பழைய கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டு, பெட்ரோலை மட்டும் புதிய பெட்டியிடம் ஒப்படைத்தோம். அதன் அட்டவணையில் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை நாமே எழுத வேண்டும். டியூனிங் என்பது அதுதான்.

அந்த எண் சரிதானா என்பதைப் புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் சொல்லும். காரோடு வரும் சென்சார் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் கீழான ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, பெட்ரோல் மிகுதியா குறைவா என்பதை மட்டும் தெரிவிக்கும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லும் அகன்ற வீச்சுச் சென்சாரும் மீட்டரும் அந்நாளில் எங்கள் கைக்கு எட்டாத விலை. தெரிந்த ஒருவரிடமிருந்து இரண்டு நாளுக்கு இரவல் பெற்றேன்.

இரண்டு நாளும் சாலையில் ஓட்டினோம். நான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகத் திருத்தினேன். அன்றாடம் எஞ்சின் உலவும் கட்டங்கள் எல்லாம் சரியாயின. மேல் வரிசையில், முழு மிதிப்பில் 5000 சுற்றுக்கு மேற்பட்ட மூன்று கட்டங்கள் மட்டும் எஞ்சின. அதற்குள் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. பழைய கேம்ஷாஃப்ட்டில் அந்த வேகத்தில் எஞ்சினின் மூச்சு குறையும். அந்தப் பழக்கத்தில் அங்கே 72 என்று எழுதினேன். புதிய கேம்ஷாஃப்ட்டோ அந்த வேகத்தில்தான் நன்றாக மூச்சு வாங்கக்கூடியது. அங்கே இருந்திருக்க வேண்டிய எண் 86. “மீதிய என் காதே பாத்துக்கும்” என்று நண்பனிடம் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே தலையசைத்தான்.

பெட்ரோல் குறைந்த எஞ்சின் உடனே முனகுவதில்லை. சில வேளைகளில் முன்னைவிடத் துடிப்பாகவே ஓடுவதுபோல் தோன்றும். செவி ஏமாறும். செட்டிபாளையத்தில் பயிற்சி ஓட்டத்தின் நான்காம் சுற்றில், நேர்ப்பாதையின் இறுதியில் நீலப்புகை எழுந்தது. பட்டறைக்கு இழுத்து வந்து பிரித்தோம். மூன்றாம் பிஸ்டனின் விளிம்பு மெழுகுபோல் உருகியிருந்தது. பிளக்கின் முனையில் அலுமினியத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நண்பன் தேநீர் வாங்கச் சென்றிருந்த நேரத்தில், மடிக்கணினியில் பதிவாகியிருந்த ஓட்டக் குறிப்பைத் திறந்தேன். முழு மிதிப்பில் சென்சார் காட்டியிருந்தது கால் வோல்ட்டுக்கும் குறைவு. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அவன் திரும்பி வந்தபோது, “பெட்ரோல்ல கலப்படம் போல இருக்குது” என்றேன்.

மண்ணெண்ணெய்க் கலப்படம் எங்கும் பேசப்பட்ட நாள்கள் அவை. நம்புவதற்கு எளிய பொய். நான் மறந்துவிட்டது ஒன்று உண்டு. அவன் பெட்ரோல் போட்டது அவனுடைய தாய்மாமன் நடத்திய பங்க்கில். அன்று மாலையே அவன் அங்கே சென்று, வேலையாட்கள் முன்னிலையில் அவரிடம் சொல்லத் தகாதவற்றைச் சொன்னான். உறவு முறிந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் நண்பனின் தாய் இறந்தபோது, உடன்பிறந்த அவர் வாசல்வரை வந்து மாலையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

எஞ்சினைச் சீர்செய்யும் செலவை நண்பனே ஏற்றான். நான் கூலியில் பாதியைத் தள்ளிக்கொடுத்தேன். அதை என் பெருந்தன்மை என்று அவன் ஊரெல்லாம் சொன்னான். சொல்லட்டும் என்று விட்டேன். மீட்டரை மறுபடி இரவல் பெற்று, அவன் இல்லாத ஒரு நாளில் மேல் வரிசையை அளந்து திருத்தினேன். அவனது அடக்கத்தன்று கூட்டத்தின் ஓரத்தில் தனியே நின்ற அந்தப் பெரியவரைக் கண்டேன். பத்தடி தூரம்தான். அன்றும் சொல்லவில்லை.

இப்போது மகன் கொண்டுவந்த காரில் மீட்டரைப் பொருத்திப் பார்த்தேன். முழுப் பாரத்தில் லாம்டா 0.87 இருக்க வேண்டிய இடத்தில் 0.94 என்று காட்டியது. காரணம் எளிது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். கலந்த எரிபொருளுக்கு ஏறத்தாழ 13.5 பங்கு. ஆகவே நான் அன்று எழுதிய எண்கள் இன்றைய எரிபொருளுக்கு ஏழெட்டு சதவீதம் குறைவு. நிதானமாக ஓடும்போது பழைய சென்சாரின் சொல்லைக் கேட்டுக் கம்ப்யூட்டர் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. முழுப் பாரம் ஏறும்போது அந்தத் திருத்தம் நிறுத்தப்படும்; எழுதி வைத்த எண்ணை மட்டுமே நம்பி ஓடும். ஏற்றத்தில் அது திணறியதன் பொருள் இதுவே.

இதையெல்லாம் அவனுக்கு விளக்கினேன். பொறியியல் படித்த பிள்ளை, விரைவில் புரிந்துகொண்டான். திரையில் என் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், “2004-லயே ரெண்டு ஃபைல் இருக்குதுங்களே மாமா? செப்டம்பர் ஒண்ணு, நவம்பர் ஒண்ணு. மேல் வரிசை மட்டும் ஏனுங்க மாறியிருக்குது?” என்று கேட்டான்.

இன்னொரு பொய் என் நாவின் நுனிவரை வந்தது. அந்தக் காரின் ஓசை கேட்டுக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அதைச் சொல்ல இயலவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, “அந்தத் தாத்தா இன்னும் இருக்கறாருங்க மாமா. எங்க வீட்டுல அவரு பேரையே எடுக்க மாட்டாங்க” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காரை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டும் டைனோ மேடைக்குக் கொண்டு சென்றோம். மேல் வரிசையின் எட்டுக் கட்டங்களையும், ஒன்றைக்கூட ஊகிக்காமல், ஒவ்வொன்றாக நிறுத்தி அளந்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. எண்ணை நான் சொல்ல, அவனே தட்டச்சு செய்தான். அங்கிருந்து நேரே பெரியவரின் வீட்டுக்குச் சென்றோம்.

எண்பதைக் கடந்தவர். திண்ணையில் அமர்ந்திருந்தார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் முகத்தில் வியப்பு ஏதும் தோன்றவில்லை.

“அன்னைக்கு அதே தொட்டியிலிருந்து இருநூறு வண்டிக்காச்சும் போட்டிருப்போம். கெட்டது ஒண்ணே ஒண்ணு. எனக்குத் தெரியாதுங்களா தம்பி?” என்றார்.

“அவன்கிட்டச் சொல்லலைங்களா ஐயா?”

“சொன்னேன். என் கூட்டாளி பொய் சொல்ல மாட்டான்னான். அவன் வேற என்ன சொல்லுவான்?”

அதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தகுதி எனக்கும் இருக்கவில்லை. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, வாசலில் நின்ற காரின் அருகே சென்று, அதன் கூரையைத் தடவிப் பார்த்தார். பின்பு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். இருவரையும் சுமந்துகொண்டு அது தெருமுனையைத் தடங்கலின்றிக் கடந்து சென்றது. நான் பேருந்தில் பட்டறைக்குத் திரும்பினேன்.

அந்த எஞ்சினின் பெரும்பாலான கட்டங்களில் நான் பிழை செய்யவில்லை. நாள்தோறும் பயன்படும் இடங்களில் எல்லாம் கவனமாகவே இருந்தேன். என்றோ ஒரு நாள்தானே என்று எண்ணிய இடத்தில் மட்டும் அளக்காமல் எழுதினேன். பாரம் ஏறியது அந்த இடத்தில்தான். என் நட்பிலும் அவ்வாறே நேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

இப்போது பட்டறையில் பழகும் பையன்களிடம், மீட்டர் இல்லாத நாளில் மேல் வரிசையைத் தொடாதீர்கள் என்று சொல்கின்றேன். காரணம் கேட்பவர்களுக்கு 2004-ஆம் ஆண்டின் அந்த இரு கோப்புகளையும் திறந்து காட்டுகின்றேன்.