வியாழக்கிழமைப் பிள்ளை

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது ஒருவர் சின்னவனின் கன்னத்தைத் தட்டி, "எந்த ஸ்கூல்லய்யா படிக்க?" என்று கேட்பார். "வீட்டுல" என்பான். கேட்டவரின் பார்வை அவனை விட்டு என்மேல் வந்து நிற்கும். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதோ போலிருக்கிறது என்ற இரக்கம் சிலர் முகத்தில். பீஸ் கட்ட முடியவில்லையோ என்ற சந்தேகம் சிலர் முகத்தில். ஐந்து வருடமாகியும் இதற்கு நல்ல பதில் ஒன்று எனக்கு வாய்க்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது, ஆற்றங்கரையில் வீட்டைக் கட்டிவிட்டுக் குளிக்காமல் இருப்பதைப் போல. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மிஷன் பள்ளி. என் மாமியாரே அப்படி ஒரு பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்தவர். "நாலெழுத்து படிச்சதுனாலதான் நம்ம குடும்பம் நிமிர்ந்துச்சு. அதைத் தந்தது பள்ளிக்கூடம். அதையே வேண்டாங்கியே!" என்பார். அதில் பொய் ஒன்றுமில்லை. அதனால்தான் வலித்தது.

பெரியவளின் பத்தாம் வகுப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் வைத்திருக்கிறேன். 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து ஐந்து பாடங்கள் எழுதலாம். பாடம் நடத்தும் வழியும் பழகிவிட்டது. ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் நீளக்கூடாது. வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். சார்லட் மேசன் (1842–1923) சொல்லிக்கொடுத்த முறை இது. சொல்லும்போது பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம். அதற்குக் கேள்வித்தாள் தேவையில்லை.

பழகாதது தனிமை. பள்ளி ஆசிரியைக்கு ஸ்டாஃப் ரூம் உண்டு, புலம்பப் பக்கத்து நாற்காலி உண்டு. எனக்கு இருந்தது அடுப்படி. போன வருடம் பிப்ரவரியில் ஒருநாள், வகுத்தல் கணக்கில் சுழியைப் போட மறந்த சின்னவனின் நோட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அன்று காலைக் குடும்ப ஜெபத்தில் நீடிய பொறுமையைப் பற்றிப் பேசியவளும் நான்தான். ஜூனில் இரண்டு பேரையும் பள்ளியில் சேர்த்துவிடுவது என்று அன்று ராத்திரியே முடிவெடுத்தேன்.

அந்த வாரம் மாமியாரின் அலமாரியில் சூசன்னா வெஸ்லியைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கையில் பட்டது. எனக்கு அந்த அம்மாளை அவ்வளவாகப் பிடிக்காது. பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் அவர் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தேன். 19 பிள்ளைகளைப் பெற்றார், பிழைத்த பத்துப் பேரையும் வீட்டிலேயே படிப்பித்தார், அவர்களில் இருவர் ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி. இதைக் கேட்டால் தைரியமா வரும்? குற்ற உணர்ச்சிதான் வரும்.

ஆனால் மேடையில் யாரும் சொல்லாத ஒன்று அதில் இருந்தது. 1709இல் எப்வொர்த்தில் அவர்கள் வீடு எரிந்து, பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் சிதறினார்கள். திரும்பி வந்தபோது வேறு பேச்சு, வேறு பழக்கம். வருடக்கணக்காகக் கட்டியது கலைந்து போயிருந்தது. அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அடுத்த பக்கங்களில் நம்ம ஊர் வந்தது. கணவர் லண்டனுக்குப் போயிருந்த சமயம், மகள் எமிலி அப்பாவின் அறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வருகிறாள். தரங்கம்பாடி மிஷனரிகளைப் பற்றிய புத்தகம். 1706இல் வந்து இறங்கி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகிய சீகன்பால்கின் காரியங்கள். அதை வாசித்த சூசன்னாவால் பல நாள் வேறெதையும் நினைக்க முடியவில்லை. தன்னால் என்ன முடியும் என்று யோசித்து, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து பேசுவது என்று வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை எட்டு வயது ஜானுக்கு.

இவ்வளவு தூரம் நான் அண்ணாந்து பார்த்த அம்மாளுக்கும் யாரோ ஒருவரிடமிருந்துதான் தைரியம் வந்திருக்கிறது. அதுவும் தமிழ் படிக்கத் தடுமாறிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, நம் கடற்கரையிலிருந்து.

நானும் செய்து பார்த்தேன். செவ்வாய் பெரியவளுக்கு, வியாழன் சின்னவனுக்கு. மொட்டைமாடியில் அரைமணி நேரம். பாடம் பேசக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. மூன்று வியாழன் கிரிக்கெட்டிலேயே போனது. நான்காவது வியாழன் அவன் கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்: "கணக்கு சொல்லித் தரும்போது நீ வேற யாரோ மாதிரி ஆயிருதம்மா. ஆச்சிட்டப் படிக்கட்டுமா?"

ஊக்கம் என்றால் யாராவது என்னைப் பாராட்டுவது என்று அதுவரை நினைத்திருந்தேன். என் பாரத்தில் ஒரு பகுதியை என் கையிலிருந்து வாங்க ஆள் வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த ஆள் பக்கத்து அறையிலேயே இருந்தார். நான்தான் கேட்கவில்லை. கேட்டால் தோற்றதாகிவிடும் என்ற பயம்.

"அத்தை, கணக்கு மட்டும் நீங்க எடுக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்குச் சேலைக்குப் பின் குத்தி, கண்ணாடி போட்டு, ஒரு கிண்ணம் புளியங்கொட்டையோடு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஜூன் வந்தது, போனது. சின்னவன் இன்னமும் சில நாள் சுழியை விட்டுவிடுகிறான். ஆச்சி அதற்கு நோட்டை எறிவதில்லை. பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையை வைக்கிறார், அவ்வளவுதான்.

போன மாதம் கோயில் வாசலில் ஒருவர் வழக்கம்போல அவனைக் கேட்டார். அவன் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எங்கிட்டதான் படிக்கான்."