ஒரே கட்டடம், தனித்தனி வாசல்

கனடாவின் வான்கூவர் நகரில், ஹேஸ்டிங்ஸ் தெருவில் 1903-ல் திறந்த பெரிய கடை உட்வர்ட்ஸ். மளிகையிலிருந்து துணிமணி வரை எல்லாம் அங்கே கிடைக்கும். 1993-ல் அது மூடப்பட்டதும் தெருவே களையிழந்தது. பழைய ஓட்டல்களின் சின்ன அறைகளில் வாடகைக்கு ஒண்டியிருந்த ஏழைகள்தான் மிச்சம்.

2002 செப்டம்பரில் வீடில்லாதவர்கள் சிலர் பூட்டிக்கிடந்த அந்தக் கட்டடத்துக்குள் குடியேறினார்கள். போலீஸ் வெளியேற்றியது. அவர்கள் ஊருக்குப் போகவில்லை. நடைபாதையிலேயே கூடாரம் போட்டு டிசம்பர் வரை உட்கார்ந்தார்கள். மறு வருடமே நகராட்சி கட்டடத்தை வாங்கியது.

2006-ல் மிகப் பழைய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். புதிய வளாகத்தில் 536 வீடுகள் விற்பனைக்கு, 200 வீடுகள் குறைந்த வாடகைக்கு. கூடவே சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளி, மளிகைக்கடை, மருந்துக்கடை வந்தன. விற்பனை வீடுகள் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன.

இது வெற்றியா? அந்த 200 வீட்டுக்காரர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். நடைபாதையில் உட்கார்ந்த பிடிவாதம் வீண்போகவில்லை. ஆனால் வசதியானவர்களும் ஏழைகளும் ஒரே வளாகத்தில் நுழைவது தனித்தனி வாசல் வழியாக. அக்கம்பக்கத்து ஓட்டல் அறைகளின் வாடகை ஏறுகிறது என்று அப்பகுதி மக்கள் அமைப்புகள் எச்சரித்தபடியே இருந்தன.

உள்ளே 200 வீடுகள் கொடுத்தால் மட்டும் போதாது. வெளியே இருக்கும் பழைய அறைகளின் வாடகைக்கும் கடிவாளம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கிக்கொள்ளும்.