ஓர் எழுத்து மாறினால்...

டெபிட்டில் போட வேண்டியதைக் கிரெடிட்டில் போட்டால் என்ன ஆகும் என்று பி.காம். படித்த எவருக்கும் தெரியும். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாது. ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேட வேண்டும்.

உடம்பிலும் இதே கதைதான். ‘பிராஃப்’ என்று ஒரு ஜீன். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் மட்டும் ‘வளரு’ என்று செல்லுக்கு ஃபைல் அனுப்ப வேண்டிய குமாஸ்தா. இந்த ஜீனின் 1799-வது எழுத்து ‘டி’க்குப் பதில் ‘ஏ’ ஆகிவிட்டால், அது கோக்கும் புரத மாலையில் 600-வது மணி மாறிவிடும். அப்புறம் குமாஸ்தா உத்தரவுக்கே காத்திருப்பதில்லை. வளரு, வளரு, வளரு! தைராய்டு கேன்சரில் சகஜமானது பாப்பிலரி வகை. அது வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இந்தப் பிழை உண்டு.

உனக்கேன் இந்த ஆராய்ச்சி என்கிறீர்களா? என் அக்காவுக்குத் தைராய்டை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ரிப்போர்ட்டில் இந்தப் பிழையும் இருந்தது. அவள் பெண்ணுக்கு வரன் வந்தபோது, பையனின் அப்பா மெதுவாகக் கேட்டார்: “ஜீன்ல கோளாறுன்னா பரம்பரையா வருமே?”

தாய்மாமன் ஆயிற்றே, பதில் சொல்வது என் தலையில் விழுந்தது. “இல்லீங்க. இது பிறவியிலேயே வந்த பிழை இல்லை. கட்டியில இருந்த செல்லுல பிற்பாடு ஏற்பட்டது. பிள்ளைங்களுக்குப் போகாது” என்றேன். மெடுல்லரி என்று வேறொரு வகை இருக்கிறது. அதில் சுமார் நாலில் ஒரு பங்கு பரம்பரை. காரணம் ‘ரெட்’ என்ற ஜீன். அது வந்தால் குடும்பத்துக்கே டெஸ்ட் எடுக்க வேண்டும். அக்காவுக்கு அது இல்லை.

மனிதர் விடவில்லை. “சரி, அவங்களுக்கே மறுபடி வந்துட்டா?”

இதற்கு யாரும் சத்தியம் செய்ய முடியாது. பிழை உள்ளவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். கூடவே ‘டெர்ட்’ என்ற ஜீனின் சுவிட்ச் பகுதியிலும் பிழை இருந்தால் ரொம்பவே கூடுதல் என்று 2014-ல் தெரிந்தது. ஆனால் திரும்புவது வேறு, ஆளையே முடிப்பது வேறு. 2013-ல் ஏழு நாடுகளில் 1,849 நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். பிராஃப் பிழை உள்ளவர்களில் இந்தக் கேன்சரால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், இல்லாதவர்களில் 1.1. ‘ஐந்து மடங்கு ஆபத்து’ என்று போஸ்டர் அடிக்கலாம். ஆனால் வயசு, பரவிய அளவு எல்லாம் சேர்த்துப் பார்த்ததும், பிழையை மட்டும் தனியாகக் குற்றவாளி ஆக்க முடியவில்லை. தவிர, 5.3-ஐத் திருப்பிப் போட்டால் 94.7!

பேலன்ஸ் ஷீட்டின் அடியில் ‘கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி’ என்று குறிப்பு போடுவார்கள். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அதற்காக யாரும் கம்பெனியை இழுத்து மூடுவதில்லை. கண்ணில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவே. அக்காவுக்கும் அப்படித்தான். ரத்தத்தில் தைரோகுளோபுலின் டெஸ்ட், கழுத்தில் ஸ்கேன். தைராய்டே இல்லாதவருக்கு அந்த அளவு ஏறினால், எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

செவ்வாய் தோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிறோம். இந்த தோஷத்துக்குப் பரிகாரம், டாக்டர் சொன்ன தேதியில் லேபுக்குப் போவது.

வரன் என்ன ஆயிற்று? கூடி வந்துவிட்டது. அக்காவின் காலண்டரில் இப்போது ஒரே வாரத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்று முகூர்த்தம், ஒன்று ரத்த டெஸ்ட்.

“டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டுடவாடா?” என்றாள்.

“வேணும்னா கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம்கா” என்றேன்.