மனையும் மனச்சான்றும்

முப்பதாண்டுகள் தமிழ் பயிற்றுவித்து ஓய்வுபெற்ற என் கைக்குப் பணிக்கொடைத் தொகை வருமுன்பே அறிவுரைகள் வந்து சேர்ந்துவிட்டன. வட்டிக்கு விட மார்க்கம் இடங்கொடாது. வணிகமோ எனக்கு வராது. என் துணைவியார் ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார்: "மனை வாங்குவோம்." இல்லத்துக்கும் இல்லாளுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியைக் கற்பித்தவன் அச்சொல்லை எவ்வாறு மறுப்பேன்?

அவ்வாரமே என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். என்னிடம் யாப்பிலக்கணம் பயின்றவர். இன்று மனைப்பிரிவு ஒன்றின் விற்பனை முகவர். நெல்லையிலிருந்து மதுரை செல்லும் நாற்கரச் சாலையை ஒட்டி நான்கு ஏக்கர் இருபது சென்ட் நிலம். வளைவு நுழைவாயில், தார்ச்சாலை, தொழுகைக்கு ஓரிடம் என அவர் நீட்டிய வண்ணத்தாள் பளபளத்தது.

"ஐயா, தங்களுக்கென்று கிழக்குப் பார்த்த ஐந்தரைச் சென்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். பத்து விழுக்காடு முன்பணம் போதும். மீதியைத் தவணையாகத் தரலாம். நம் ஜமாஅத்தில் பன்னிரண்டு பேர் வாங்கிவிட்டார்கள்" என்றார்.

தவணை என்றதும் வாப்பாவின் நினைவு எழுந்தது. 1980களின் இறுதியில் அவர்களும் மாதந்தோறும் பணம் கட்டி ஒரு மனை வாங்கினார்கள். வேனில் அழைத்துச் சென்று, பிரியாணி பரிமாறி, எண்ணிட்ட கற்களைக் காட்டினார்களாம். பத்திரமும் பதிவாயிற்று. ஐந்தாண்டுகள் கழித்துச் சென்றபோது கல்லுமில்லை, பாதையுமில்லை. யாரோ உழுது உளுந்து விதைத்திருந்தார்கள். விற்றவர்களின் அலுவலகத்தில் தையற்கடை நடந்துகொண்டிருந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. ஆனால், எங்கிருக்கிறது என்றே தெரியாத மனையை எந்த விதியைக் கொண்டு வரன்முறைப்படுத்துவது? வாப்பா மறைந்தபின் அவர்களுடைய பெட்டியில் குடும்ப அட்டைக்குக் கீழே அந்தப் பத்திரம் மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஆகவே, இம்முறை தாள்களை நானே படிப்பது என்று முடிவு செய்தேன். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இருந்தது. எட்டு மனைகளுக்கு மேற்பட்ட பிரிவாதலின், 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவெண்ணும் இருந்தது. பத்து விழுக்காட்டுக்கு மேல் பணம் பெறவேண்டுமாயின் ஒப்பந்தத்தை முதலில் பதிவு செய்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி; அதையும் அவர்கள் மீறவில்லை. ஊர்ப்பெயர் குளம் என்று முடிவதால் ஓர் ஐயம் எழுந்தது. ஐப்பசி அடைமழைக்கு மறுநாள் சென்று பார்த்தேன். நீர் தேங்கவில்லை. வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தது.

இவ்வளவும் சரியாயிருந்தமையால் தாய்ப்பத்திரத்தைக் கேட்காமலே விட்டிருப்பேன். பாடநூலில் அடிக்குறிப்பையும் விடாமல் படிக்கும் பழக்கமே என்னைக் கேட்க வைத்தது.

நிலம் நம் சமுதாயப் பெரியவர் ஒருவருக்குரியது. அவர் 1988இல் மறைந்தார். துணைவியார் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் ஐவர்: ஆண் இருவர், பெண் மூவர். ஆனால், மனைப்பிரிவினருக்கு விற்ற பத்திரத்தில் இருந்தவை இரண்டே கையொப்பங்கள். பட்டாவும் அவ்விருவர் பெயரிலேயே இருந்தது.

சூரத்துந் நிஸாவின் பதினோராம் வசனப்படி ஆணுக்கு இரு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்கும் ஆக ஏழு பங்கு வைத்தால், பெண்மக்களுக்குரியவை மூன்று. நானூற்று இருபது சென்ட்டில் நூற்றெண்பது சென்ட்! வண்ணத்தாளின் பின்பக்கத்திலேயே கணக்கிட்டுப் பார்த்தேன். வில்லங்கச் சான்று இதைக் காட்டாது. பதிவானவற்றை மட்டுமே அது காட்டும். வாரிசுரிமையோ பத்திரமின்றியே வந்து சேர்வது. நம்மவர் வாய்மொழியாகச் செய்யும் ஹிபாவும் அதில் ஏறாது. மனைப்பிரிவுக்கான ஒப்புதல் சாலையும் பூங்காவும் முறையாக உள்ளனவா என்று பார்க்குமேயன்றி, நிலம் யாருடையது என்பதற்குப் பிணை நிற்காது. சகோதரர்கள் தத்தம் பங்கைத்தான் விற்க முடியும். நிலம் அவர்கள் வசமிருந்து ஆண்டுகள் பல கழிந்தன என்பதால் மட்டும் உடன்பிறந்தாளின் பங்கு அழிந்துவிடுவதில்லை.

மாணவரிடம் கேட்டேன். அவர் முகம் வாடிற்று.

"ஐயா, மூன்று பேருக்கும் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவர்கள் எதுவும் கேட்கவில்லையே. எல்லாரும் நம்மவர்கள்தாமே?"

நம்மவர்கள் என்னும் அச்சொல்தான் என்னைச் சற்றே தடுமாறச் செய்தது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுபவரிடம் பத்திரம் கேட்பது அவநம்பிக்கையாகுமோ என்ற கூச்சம் நம் ஊர்களில் உண்டு, எனக்கும் இருந்தது. ஆயினும் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகராவின் 282ஆவது, கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சியமும் வைத்துக்கொள்வது பற்றியதன்றோ? அது முதலில் ஓதிக் காட்டப்பட்டதும் ஒருவரையொருவர் நம்பியிருந்த ஒரு சமூகத்துக்குத்தான். பிறர் நிலத்தில் ஒரு சாணைக் கவர்வது பற்றி நபிமொழியில் வரும் எச்சரிக்கையைச் சிறுவயதில் ஓதும்பள்ளியில் கேட்டு நடுங்கியிருக்கிறேன். ஐந்தரைச் சென்ட்டில் எத்தனை சாண்!

தவணைக்கு வருவாய்த்துறையில் வழங்கிய பழஞ்சொல் கிஸ்தி. அறபியின் 'கிஸ்த்' என்பதே தமிழில் அவ்வாறாயிற்று. மூலமொழியில் அதற்கு நீதி என்றும் ஒரு பொருளுண்டு. வகுப்பில் பலமுறை சொன்ன செய்திதான். எதிரில் அமர்ந்திருந்தவரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவரே. அன்று அதை அவருக்கு நான் நினைவூட்டவில்லை.

"மூவரும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும், அல்லது தம் பங்குக்கு உரிய விலையைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிடட்டும். பிறகு வாருங்கள், தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு ஜும்ஆக்கள் கழித்து அவர் வந்தார். சகோதரியரில் ஒருவர் மலேசியாவில் இருக்கிறாராம். இன்னொருவர் மறைந்து, அவர் பிள்ளைகள் நால்வர் இருக்கிறார்களாம். மூன்றாமவர் உள்ளூரில்தான் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். "முப்பது வருசமா யாரும் வந்து கேட்கலையே, தம்பி" என்று சொல்லித் தேநீர் கொடுத்தாராம் அந்த அம்மையார்.

எல்லாம் முடிய ஓராண்டு ஆகலாம் என்கிறார். பக்கத்து மனையில் அடிக்கல் நாட்டியாயிற்று. விலை ஏறிவிடும் என்று துணைவியார் அந்திதோறும் நினைவூட்டுகிறார். ஏறத்தான் செய்யும். வாங்கிவிட்ட பன்னிருவரில் இருவர் தாய்ப்பத்திர நகலை என்னிடம் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார்கள். முன்பணத்துக்கென எடுத்து வைத்த தொகை இன்னும் வாப்பாவின் பெட்டியிலேயே இருக்கிறது.