எது முதலில் செத்தது?

கம்பத்துக் கோழி செத்துப் போனால் நம்மவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "சீக்கு வந்திருச்சு." கெடாவில் பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் என்று எந்தப் பக்கம் போனாலும், தோட்டத்து லயமானாலும் தாமான் வீட்டுக் கொல்லைப்புறமானாலும், இந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் கோழிகளுக்கு மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பார்கள். சில சமயம் பிழைக்கும். பல சமயம் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும்.

நான் கோழி வளர்ப்பவன். அக்கம்பக்கத்தில் கோழி சாகும்போது என்னைக் கூப்பிடுவார்கள். போனதும் செத்த கோழியைத்தான் காட்டுவார்கள். நான் கேட்பது வேறு. "பாட்டி, மொதல்ல எது செத்துச்சு?" குஞ்சா, விடலையா, முட்டை வைக்கிற பெட்டையா? அடுத்தது எத்தனை நாள் கழித்து? ஒரே கூண்டில் அடைகிறவை மட்டுமா, மரத்தில் ஏறித் தூங்குபவையுமா? பக்கத்து வீட்டிலும் சாகிறதா? செத்த வரிசை தெரிந்துவிட்டால் பாதி நோய் தெரிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மழை பிடித்த பிறகு மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகள் மட்டும் இறக்கையைத் தொங்கவிட்டுக் குறுகி நின்று சாகின்றன, எச்சத்தில் ரத்தம், தாய்க்கோழி நன்றாக இருக்கிறது என்றால் அது ரத்தக் கழிச்சல். ஈர மண்ணில் விழுந்த எச்சத்தில் இருக்கும் ஒட்டுண்ணி முட்டை, நம் ஊர் வெக்கையில் இரண்டே நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அங்கே மருந்தோடு கூண்டுத் தரையையும் காய வைக்க வேண்டும். மூன்று நான்கு மாதப் பெட்டை ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டியபடி விழுந்து கிடந்தால், நரம்பைத் தாக்கும் மாரெக் நோய். வளர்ந்த கோழிகள் வாரத்துக்கு ஒன்றாக மெலிந்து, கொண்டை வெளுத்துச் சாவது இன்னொரு கதை; டைபாய்டு, குடல்புழு என்று தேடிப் போக வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் கழுத்து. கழுத்தில் ஏதாவது ஆனால் உடனே 'சம்பார்', அதாவது நியூகாசில் நோய், என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொறுமையாகப் பார்க்க வேண்டும். சம்பாரில் கழுத்து முறுக்கும். தலை பின்னாலோ பக்கவாட்டிலோ திருகிக்கொள்ளும். இன்னொன்றில் கழுத்து துவண்டு, அலகு தரையைத் தொடும். கால் இழுக்கும், இறகைத் தொட்டாலே கையோடு வரும். அறுத்துப் பார்த்தால் உள்ளே எந்தக் கோளாறும் தென்படாது. அது நஞ்சு. செத்த பிராணியின் உடலில் பொட்டுலிசக் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கிறது. அதில் மொய்க்கும் புழுக்களுக்கு அந்த நஞ்சால் ஒன்றும் ஆவதில்லை. புழுவைக் கொத்தித் தின்ற கோழிதான் விழுகிறது. நன்றாக மேயும் கோழிகள்தான் முதலில் விழும், ஏனென்றால் அவைதான் புழுவைத் தேடிக் கண்டுபிடிப்பவை.

இப்படிப்பட்ட சாவைக் கண்டால் கூண்டருகே நிற்பதில் பயனில்லை. கோழி மேய்ந்த வழியே நடந்து போக வேண்டும். பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை ஆகிவிட்ட நம் பகுதியில் எலித் தொல்லைக்கு விஷக்கட்டி வைக்கிறார்கள். விஷம் தின்ற எலி செத்துக் கிடக்கும். எலிச் சடலமோ, வேலிக்கப்பால் எறிந்த கோழிக்குடலோ எங்காவது அழுகிக் கிடக்கும். அதைக் கண்டுபிடித்து ஆழமாகப் புதைத்தால் சாவு நின்றுவிடும். ஊசி போட்டு நிறுத்த முடியாது.

இனி சம்பார். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட அதே நோய். தமிழ்நாட்டில் ராணிக்கெட், வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சையாகக் கழியும். தடுப்பு மருந்து காணாத கூட்டத்தில் வயது பார்க்காமல் எல்லாவற்றையும் கொண்டுபோகும். தொற்றியதிலிருந்து நோய் தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். ஆகவே முதல் கோழி வாடிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாட்களில் வாசலுக்குள் என்ன வந்தது என்று கேட்பேன். பதில் எப்போதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: தீபாவளிக்குப் பாசாரில் வாங்கிய சேவல், மகள் வீட்டிலிருந்து வந்த பெட்டை, முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். சாமிக் கோழியை யாரும் அடைத்து வைப்பதில்லை. லயம் முழுக்கச் சுற்றி, எல்லார் வீட்டுத் தட்டிலும் தின்னும். நேர்த்தியைக் குறை சொல்லவில்லை, அந்தப் பக்தி எனக்கும் உண்டு. புதுக் கோழி எதுவானாலும் இரண்டு வாரம் தனியே அடைத்து வைத்துப் பிறகு விடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பாருக்கு மருந்தில்லை, தடுப்பு உண்டு. இந்தத் தடுப்பின் வரலாற்றில் நம் மலேசியாவுக்கு ஒரு பெருமை இருக்கிறது, அது நம் ஆட்களுக்கே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். உயிருள்ள தடுப்பு மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், வெயிலில் கெட்டுவிடும். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது. கம்பத்து வீட்டிலோ பதினைந்து கோழி, அதுவும் மரத்தில் தூங்குவது, பிடிக்கப் போனால் பறந்துவிடும். 1980-களில் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகத்தில் அப்துல் லத்திப் இப்ராஹிம், ஐனி இடெரிஸ் ஆகியோர், குவீன்ஸ்லாந்தின் பீட்டர் ஸ்பிராட்புரோவோடு சேர்ந்து இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியக் கோழிகளில் கிடைத்த, தீங்கற்ற வீ4 என்ற வைரஸிலிருந்து வெப்பம் தாங்கும் வகையைப் பிரித்தெடுத்து, தீவனத்தில் பூசிக் கோழிக்குப் போட்டுப் பார்த்தார்கள். மேய்கிற கோழியைத் துரத்திப் பிடிக்காமல், அது தின்னும் தீனி வழியாகவே அதைக் காப்பது என்ற எண்ணம் நம் கம்பங்களை நன்கு அறிந்தவர்களுக்கே தோன்றியிருக்கும். ஸ்பிராட்புரோ பின்னாளில் உருவாக்கிய ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் தடுப்பு ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போயிருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் மடமடவென்று விழுந்தால் நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள், சமைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். வெளித் தோற்றத்தில் சம்பாரும் பறவைக் காய்ச்சலும் ஒன்றுபோலவே இருக்கும். 2004-இல் கிளந்தானில் எச்5என்1 கிருமி பிடிபட்டபோது எல்லை தாண்டி வந்த சண்டைச் சேவல்கள் மேல் சந்தேகம் எழுந்தது. கெடாவுக்கும் தாய்லாந்து எல்லைதான். கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். வந்து கோழியை அழித்துவிடுவார்கள் என்று பயந்து மறைத்தால், அடுத்த வீட்டுக் குழந்தைக்குத்தான் ஆபத்து.

சோதனைக்குச் செத்த கோழியைக் கொடுக்கச் சொன்னால், கையுறையும் முகக்கவசமும் அணிந்து இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஐஸ் கட்டி வைத்த பெட்டியில் அன்றே கொண்டுபோக வேண்டும். உறைய வைத்தால் உள்ளுறுப்புத் திசு சிதைந்து, பார்ப்பவருக்குப் பாதி அடையாளம் போய்விடும். கூடவே ஒரு தாளில் செத்த வரிசையையும் நாளையும் எழுதிக் கொடுங்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கு உங்கள் கொல்லைப்புறம் தெரியாது.

லயத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்த காலத்தில் ஒரு குப்பித் தடுப்பு மருந்தைப் பத்து வீடு பங்கிட்டுக்கொள்வது எளிதாக இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டுப் பலரும் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். கோழி வைத்திருப்பவர்கள் இன்னும் ஆங்காங்கே இருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து வீட்டார் ஒரே நாளில், வெயில் ஏறுவதற்குள், அவரவர் கூண்டைத் திறந்து தடுப்புச் சொட்டுப் போட்டுவிடலாம். அடுத்த தவணையைப் பண்டிகைக்குக் கோழி வாங்கத் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்; போட்ட மருந்து வேலை செய்யக் கோழிக்கு அந்த அவகாசம் வேண்டும்.