குறிப்பும் வினாவும்

தமிழகத்திற்கு வெளியே தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் மாணவருக்குத் தமிழ் வகுப்பு வாரத்தில் சில மணி நேரமே வாய்க்கிறது. தெருவிலும் கடையிலும் வேற்றுமொழியே ஒலிக்கிறது. ஆதலால் வகுப்பில் எழுதிய குறிப்பு மறந்துபோனால் அதனை நினைவூட்டுவார் அரியர். குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும். ஏட்டை மூடியதும் பாதி மறையும். குறிப்பை வினாவாக்கி, ஏட்டை மூடிவைத்து விடை கூறிப் பார்ப்பதே பயன் தரும்.

டெல்லியில் பயிலும் மாணவி ஒருத்தி கல்லணைப் பாடத்திற்குக் குறிப்பு எழுதியிருந்தாள். "கல்லணையைக் கட்டிய சோழ மன்னன் யார்?" என்பது அதிலிருந்து அவள் எழுதிய முதல் வினா. கரிகாலன் என்ற ஒரு சொல்லில் விடை முடிந்தது. "மணல் நிறைந்த காவிரியில் கல் எவ்வாறு அணையாக நின்றது?" என்பது இரண்டாம் வினா. குறிப்பில் அதற்கு விடை இல்லை. அன்றிரவு தஞ்சையிலுள்ள தாத்தாவிடம் தொலைபேசியில் கேட்டாள். பெருங்கற்கள் மணலில் அமிழ்ந்து அடித்தளமாயின என்றும், அவற்றின்மேல் களிமண் பூசி மேலும் கற்களை அடுக்கினர் என்றும் அவர் விளக்கினார். 'நலமா, சாப்பிட்டாயா' என்பதோடு முடியும் பேச்சு அன்று நெடுநேரம் தமிழிலேயே நீண்டது.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது. விடை அறிந்தே வினவுவது அறிவினா. அறியாது வினவுவது அறியாவினா. முன்னது கற்றதைச் சோதிக்கும். பின்னது கற்க வேண்டியதைக் காட்டும். ஒவ்வொரு பாடத்திற்கும் இவ்விருவகை வினாக்களையும் எழுதுதல் நன்று.