கையசைவில் மாறும் பாதை

என் மேசைமீது ஓடும் மாதிரி ரயிலைக் காண வரும் சிறுவர் எஞ்சினையே வியப்பர். என் கண்ணோ பாதை பிரியும் இடத்திலேயே நிற்கும். அங்கே கூர்முனையுடைய இரு நகரும் தண்டவாளங்களைக் குறுக்குச் சட்டம் ஒன்று பிணைத்துள்ளது. அதைத் தள்ளினால் வழி மாறும். 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதையில் இந்நகர்வு சில மில்லிமீட்டரே. ஆயினும் கூர்முனை பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டியிராவிடில், சக்கரம் இடைவெளியில் புகுந்து வண்டி தடம்புரளும்.

இதற்கு மின்மோட்டார் பொருத்துவோர் பலர். கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதற்கு மோட்டார் எதற்கு? பலகையின் அடியில், குமிழ் பாதைக்குக் குறுக்கே நகருமாறு, சாதாரண ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்றைத் திருகி, குமிழில் துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, மேல்நுனியைச் சட்டத்தின் துளையில் செருகுகிறேன். குமிழிலிருந்து மேசை விளிம்புவரை ஓர் இழுகோல், அவ்வளவுதான். ஸ்விட்ச் நகரும் தூரம் பாதைக்கு வேண்டியதினும் அதிகம். அம்மிகுதியைக் கம்பி வளைந்து ஏற்கிறது. அவ்வளைவின் அழுத்தமே கூர்முனையை விலகவிடாது பிடித்திருக்கிறது. கட்டுக்கம்பி இதற்கு ஆகாது. வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும்.

அதே ஸ்விட்ச் மற்றொரு பணியும் ஆற்றுகிறது. தண்டவாளங்கள் குறுக்கிடும் உலோக முக்கோணம், வண்டி நேரே செல்கையில் ஒரு மின்துருவத்தையும், பிரிந்து செல்கையில் மற்றதையும் பெற வேண்டும். ஒரே இழுப்பில் இரண்டும் நிகழும். ‘டக்’கென்று விரலிலும் உணரலாம். எஞ்சின் அவ்விடம் வந்ததும் ஷார்ட் சர்க்யூட்டாகி நின்றால், ஸ்விட்சின் இரு ஓர ஒயர்களையும் இடம் மாற்றுக.

பலகையின் துளை, கம்பி தாராளமாக அசையுமளவு அகலமாக இருக்கட்டும். பாதையை ஒட்டுமுன்பே அதனை இட்டுவிடுங்கள்.